ஏழை சொல் அம்பலம் ஏற விலை உண்டோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபொழுது, எப்பொருளைப் பற்றிப் பேசுவதென்று சிறிது தயங்கினேன். வாலிபர்களுக்கு அறிவுரை கூறுவோர் இந்நாட்டிற் குறைவில்லை. ஆகையால், அறிவுரையை விடுத்து, ஒரு வழக்கின் கதையைக் கூறி, அதனோடு ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்கலாமெனத் துணிந்தேன். வழக்கு அமெரிக்காவில் நடந்தது. கேள்வியோ எந்த நாட்டு நீதிமன்ற வாசலிலும் கேட்கத்தக்கது.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் முன்னோர் அனுபவத்திற் கண்ட உண்மை. வழக்குப் பேசுவதற்காகக் காணியை ஈடு வைத்தவர்களையும், நகையை அடைவு வைத்தவர்களையும் இங்கே கூடியிருக்கும் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். பிரக்கிராசிக்கு ஒரு தொகை, அப்புக்காத்துக்கு ஒரு தொகை, சாட்சிகளின் போக்குவரவுக்கு ஒரு தொகை என்று வீட்டிலிருந்ததெல்லாம் நீதிமன்றப் படியேறிப் போன கதைகள் அக்காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. ஈடு வைக்க ஒரு பரப்புக் காணி தானும் இல்லாதவன் குற்றஞ்சாட்டப்பட்டால் என் செய்வான்? அவன் சொல்லை அம்பலம் ஏற்றுவதற்கு அரசாங்கமே ஒரு சட்டத்தரணியை நியமிக்க வேண்டும் என்பது இன்று நாகரிக நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கை. அப்படி நியமித்த பின்னர், அந்தச் சட்டத்தரணிக்குச் செலவான பணத்தை அந்த ஏழையிடமிருந்தே திருப்பி அறவிடலாமா? இதுவே என் கேள்வி.

புளோரிடா மாநிலத்திலே பனாமா சிற்றி என்றொரு பட்டினம் உண்டு. 1961ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்கேயுள்ள ஒரு பில்லியட் விளையாட்டு மண்டபம் உடைக்கப்பட்டது. சில்லறைக் காசும் குடிவகையிற் சிலவும் களவு போயின. அதற்காகப் பிடிக்கப்பட்டவர் கிளாறன்ஸ் ஏர்ள் கிடியன் என்பவர். ஐம்பது வயதானவர், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முன்னரும் பலமுறை மறியல் கண்டவர். இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. நல்லவனுக்கு மாத்திரம் உரியது நீதி என்றால், அதற்கு நீதிமன்றம் வேண்டியதில்லையன்றோ?

வழக்கு விளங்கத் தொடங்கிய நாளில் கிடியன் எழுந்து நின்று, தமக்கு ஒரு சட்டத்தரணியை நியமித்துத் தரும்படி கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மாத்திரமே அவ்வாறு நியமிப்பதற்குப் புளோரிடாச் சட்டம் இடங்கொடுக்கிறதென்று கூறி நீதிபதி வருத்தத்தோடு மறுத்துவிட்டார். கிடியன் தாமே தமக்காக வாதாடினார். யூரிமாருக்கு முன்னே பேசினார். தமக்குத் தெரிந்த அளவிற் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஐந்து வருட மறியல்.

மறியற்சாலையிலிருந்தபடி, கோடிட்ட தாளிலே, பென்சிலினால் ஒரு மனுவை எழுதி அமெரிக்க அதியுயர் நீதிமன்றத்திற்கு அவர் அனுப்பினார். பணமில்லாதவனுக்குச் சட்டத்தரணி இல்லாமல் நடந்த விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்பதே அம்மனுவின் சாரம். நீதிமன்றம் மனுவை ஏற்றுக்கொண்டது. கிடியனுக்காக வாதாடும்படி ஏப் போர்ட்டாஸ் என்னும் புகழ்பெற்ற சட்டத்தரணியை நியமித்தது. மாநிலங்கள் எல்லாம் செலவுக்கு அஞ்சி இதை எதிர்க்குமென்று புளோரிடா எண்ணியிருக்கலாம். நடந்ததோ வேறு. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டத்துறைத் தலைவர்கள் கிடியன் பக்கமே நின்று எழுதினார்கள்.

1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி நீதியரசர்கள் ஒன்பதின்மரும் ஒருமனதாகக் கிடியனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹியூகோ பிளாக். 1942ஆம் ஆண்டில் இதே கேள்வி வந்தபொழுது சிறுபான்மையாய் நின்று, ஏழைக்குச் சட்டத்தரணி வேண்டுமென்று எழுதியவர் அவர். இருபத்தொரு வருடங்களின் பின் அன்றைய சிறுபான்மைக் கருத்தே நாட்டின் சட்டமாயிற்று.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கிடியன் மீண்டும் விசாரிக்கப்பட்டார். அதே குற்றச்சாட்டு, அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. ஆனால் இம்முறை பிரெட் ரேணர் என்னும் உள்ளூர்ச் சட்டத்தரணி அவர் பக்கத்தில் இருந்தார். ரேணர் முன்கூட்டியே விசாரித்து வந்து, அந்த முக்கிய சாட்சியின் வார்த்தையை நம்புதற்கில்லை என்பதைக் கேள்வி மேற் கேள்வி கேட்டு வெளிப்படுத்தினார். யூரிமார் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடிப் பேசிக் கிடியன் குற்றவாளி அல்லர் எனத் தீர்த்தனர். இரண்டு வருடம் மறியலிற் கிடந்த மனிதர் வீடு சென்றார். முதல் விசாரணைக்கும் இரண்டாம் விசாரணைக்கும் இடையே வேறுபட்டது ஒன்றுதான்: பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இருந்தார்.

நண்பர்களே, இக்கதையை இவ்விடத்தில் நிறுத்தினால் கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் கதை இங்கே முடியவில்லை. ஏழைக்குச் சட்டத்தரணியை நியமிக்க வேண்டும் என்று அதியுயர் நீதிமன்றம் கட்டளையிட்டதேயன்றி, அச்செலவை முடிவில் யார் தாங்குவது என்பதைத் தீர்க்கவில்லை. திறைசேரியில் பணம் முட்டுப்பட்ட மாநிலங்கள் அந்த இடைவெளியைக் கண்டுகொண்டன. "சட்டத்தரணியைத் தருகிறோம், ஆனால் அது கடன்" என்று சொல்லத் தொடங்கின.

கிடியன் பிறப்பித்த உரிமை தோன்றிய அதே புளோரிடாவைப் பாருங்கள். அங்கே ஏழை எனத் தன்னைப் பதிவுசெய்து அரசாங்கச் சட்டத்தரணியைக் கேட்பதற்கே 50 டொலர் விண்ணப்பக் கட்டணம் உண்டு. குற்றவாளி எனக் காணப்பட்டால், சிறு குற்றத்திற்குக் குறைந்தது 50 டொலரும், பெருங் குற்றத்திற்குக் குறைந்தது 100 டொலரும் சட்டத்தரணிச் செலவாக விதிக்கப்படும். தென் டக்கோட்டா மாநிலத்திலே இச்செலவு அவனது சொத்தின் மேற் பொறுப்பாக ஏறி நிற்கும். அயோவா மாநிலத்தில், குற்றமற்றவன் என விடுதலையானவனிடமும், அவனுக்குச் செலுத்தும் சக்தி உண்டெனக் கண்டால், அறவிடச் சட்டம் இடங்கொடுக்கிறது. குற்றஞ் செய்யாதவனைப் பிடித்து நிறுத்தியது அரசாங்கம். குற்றமில்லை என்று காட்டியதற்கான கூலியைக் கொடுப்பவன் அவன்!

இத்தகைய கடன் கட்டப்படாமற் கிடந்தால் என்ன நிகழும்? பல இடங்களில் வட்டியும் மேலதிகக் கட்டணமும் சேரும். சம்பளத்திற் கழிக்கப்படும். புளோரிடாவில் இன்னொன்றும் நடந்தது. தண்டனையை முடித்தவர்களிற் பெரும்பாலோருக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென 2018ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்தனர். மறு ஆண்டே சட்டசபை ஒரு சட்டம் செய்து, தீர்ப்பிலே விதிக்கப்பட்ட தண்டமும் செலவும் கட்டணமும் முற்றாகச் செலுத்தப்பட்ட பின்னரே அவ்வுரிமை மீளும் என்றது. அதை எதிர்த்த வழக்கும் 2020ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே தோற்றது. நீதிமன்றத்திலே பேசுவதற்குப் பட்ட கடன், வாக்குச் சாவடியிலும் பேசவிடாமல் வாயை அடைக்கக்கூடும் என்றாயிற்று.

இனி, எதிர்க் கட்சியின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது இன்றைய பொருளுக்கே அடாது.

அவர்கள் சொல்வது இது: "சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. அது உழைத்துண்ணும் மக்களின் வரிப்பணம். வரி கொடுப்பவர்களிலும் ஏழைகள் உண்டு. இன்று ஏழையாய் இருப்பவன் நாளை நல்ல தொழில் பெற்றால், தான் பெற்ற உதவியைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன அநியாயம்? ஏழையுமல்லாத செல்வனுமல்லாத ஒருவன் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துச் சட்டத்தரணியை வைத்துக் கொள்ளும்பொழுது, இவனுக்கு மாத்திரம் எல்லாம் இலவசமா?" இது வெறும் வன்னெஞ்சப் பேச்சன்று. இதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது.

அமெரிக்க அதியுயர் நீதிமன்றமும் இந்த நியாயத்தை முற்றாகத் தள்ளவில்லை. 1972ஆம் ஆண்டிலே கன்சாஸ் மாநிலச் சட்டமொன்று அதன் முன் வந்தது. மற்றக் கடன்காரர்களுக்குச் சட்டம் விட்டுவைக்கும் பாதுகாப்புகளை, சம்பளத்தில் அளவுக்கு மிஞ்சிக் கை வைக்கலாகாது என்பது போன்றவற்றை, சட்டத்தரணிச் செலவுக் கடன்காரனுக்கு அச்சட்டம் மறுத்தது. ஏனைய கடன்காரனிலும் இவனைக் கீழாக நடத்துதல் ஆகாதென்று சொல்லி நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளியது. ஆனால், 1974ஆம் ஆண்டில் ஒரிகன் மாநிலச் சட்டம் வந்தபொழுது அதை நிலைநிறுத்தியது. ஏனெனில், குற்றவாளியாகக் காணப்பட்டவனிடம் மாத்திரமே அச்சட்டம் அறவிடச் சொன்னது. செலுத்தும் சக்தி இல்லாதவனுக்கும் இனி உண்டாகும் என்று எதிர்பார்க்க முடியாதவனுக்கும் விலக்களித்தது. இடையில் நிலைமை கெட்டால் கழித்துவிடும்படி கேட்கவும் வழி வைத்தது. வேண்டுமென்றே கட்டாமல் விட்டவனன்றி மற்றவன் மறியலுக்குப் போவதில்லை என்றும் கூறியது. இத்தனை காவல்கள் இருந்தால் அறவிடலாம் என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அத்தீர்ப்போடு ஒத்துப்போகாதவர் இருவர். நீதியரசர் தேர்குட் மார்ஷல் எழுதினார். நீதியரசர் பிரெனன் உடன்பட்டார். மார்ஷல் சுட்டிக்காட்டியது மிகவும் கூர்மையானது. கடனுக்காக ஒருவனை மறியலில் வைக்கலாகாது என்பது ஒரிகன் மாநில அரசியல் திட்டத்திலேயே உள்ள விதி. வசதியுள்ள ஒருவன் தான் அமர்த்திய சட்டத்தரணிக்குக் காசு கொடாமல் ஏமாற்றினால், அந்தச் சட்டத்தரணி வழக்கு வைக்கலாமேயன்றி அவனை மறியலுக்கு அனுப்ப முடியாது. ஏழையோ அதே விதமான கடனைக் கட்டாவிட்டால், நன்னடத்தைப் பிணையை மீறியவனாகி மறியலுக்குப் போகக்கூடும். ஒரே கடன், ஆள் வேறு, முடிவும் வேறு.

1983ஆம் ஆண்டிலே ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து டானி பியடன் என்பவருடைய வழக்கு வந்தது. அவர்மேல் விதிக்கப்பட்டது சட்டத்தரணிச் செலவன்று, தண்டமும் நட்டஈடுமாக 750 டொலர். என்றாலும் பாடம் ஒன்றே. பெற்றோரிடம் கடன் வாங்கி 200 டொலரைக் கட்டினார். பிறகு வேலை போயிற்று. எழுத வாசிக்கத் தெரியாத அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. மீதியைக் கட்டாததால் மறியலுக்கு அனுப்பப்பட்டார். கட்ட முடிந்தும் கட்டவில்லையா, முடியாமற் கட்டவில்லையா என்று விசாரியாமல் ஒருவனை மறியலுக்கு அனுப்பலாகாதென்று அதியுயர் நீதிமன்றம் அப்பொழுது தீர்த்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த விசாரணையை யார் கேட்பது, எப்படிக் கேட்பது? அதற்கும் ஒரு சட்டத்தரணி வேண்டுமே!

இங்கேதான் நான் ஒரிகன் தீர்ப்போடு மாறுபடுகிறேன். தீர்ப்பை எழுதியவர்கள் பெரிய அறிஞர்கள். அவர்கள் சட்டத்திலுள்ள காவல்களை எண்ணிப் பார்த்தார்கள். நான் உங்களைச் சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு, பொலிஸ் காவலிலிருந்து முதல் நாள் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஒரு நாட்கூலிக்காரனின் பக்கத்திலே நிற்கும்படி கேட்கிறேன்.

அவன் முன்னே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, "நான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்வது. தண்டத்தைத் தவணையிற் கட்டலாம். இன்று மாலையே வீடு போகலாம். நாளைக் கூலிக்கும் போகலாம். மற்றையது, "எனக்குச் சட்டத்தரணி வேண்டும்" என்று கேட்பது. கேட்டால் வழக்குத் தவணை போகும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்கூலி போகும். கடைசியில் எவ்வளவென்று தெரியாத ஒரு கணக்கு வரும். சக்தியில்லாதவனுக்கு விலக்குண்டு என்று மூன்றாம் பிரிவிலோ நான்காம் பிரிவிலோ எழுதியிருப்பதை அவன் அறிவானா? அவன் காதில் விழுவது "செலவு" என்ற ஒரு சொல் மாத்திரமே. வீட்டு வாடகையையும் பிள்ளையின் பாலையும் எண்ணுகிறான். "சட்டத்தரணி வேண்டாம், ஐயா" என்று சொல்லிவிடுகிறான். அவன் உண்மையிற் குற்றஞ் செய்தானோ இல்லையோ, அது இனி ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

இது என் கற்பனை அச்சமன்று. கலிபோர்னியா மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1969ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிற்று. பின்னர்த் திருப்பிக் கட்ட நேரும் என்பதை ஏழைகள் அறிந்தால், சட்டத்தரணியை ஏற்கவே தயங்குவார்கள் என்று அது கருதியது. ஒரிகன் தீர்ப்பு அக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் வாழ்க்கை எப்பக்கம் பேசுகிறதென்பதை ஒரு வைத்தியசாலைக்கு மருந்துக்குப் போகும் ஏழையைக் கேட்டாலே அறிந்து கொள்ளலாம். "பிறகு கணக்கு அனுப்புவோம்" என்று வாசலில் எழுதி வைத்தால், எத்தனை பேர் நோயோடு திரும்பி விடுவார்கள்!

இன்னுமொன்று. சட்டத்தரணி உழைக்கும் நேரம் கூடக் கணக்கும் கூடும் என்றால், எதிரியே தன் சட்டத்தரணியைத் தடுக்கத் தொடங்குவான். "அந்தச் சாட்சியைத் தேட வேண்டாம், அந்த இடத்தைப் பார்க்கப் போக வேண்டாம், சீக்கிரம் முடியுங்கள்" என்பான். கிடியனை விடுதலை செய்தது எது? ரேணர் முன்கூட்டியே விசாரித்து வைத்ததன்றோ? அந்த உழைப்பை மணிக் கணக்கில் கிடியன் தலையிலே கட்டுவதாயிருந்தால், அவர் வேண்டாமென்று சொல்லியிருக்கவும் கூடும்.

வரிப்பணத்தின் நியாயத்திற்கு வருவோம். இல்லாதவனிடம் அறவிடுவது கல்லில் நார் உரிக்கும் வேலை. கணக்கெழுதக் கிளாக்கர்மார், கடிதம் அனுப்பச் செலவு, சக்தியுண்டா என விசாரிக்க நீதிமன்ற நேரம், கட்டாதவனைப் பிடிக்கப் பொலிசார் என்று இத்தனையும் வரிப்பணத்திலிருந்தே போகின்றன. அன்றியும், ஒருவனைக் குற்றஞ்சாட்டுவது அரசாங்கத்தின் தீர்மானம். வழக்குத் தொடுக்கும் அரசாங்கச் சட்டத்தரணிக்கும் நீதிபதிக்கும் பொலிசாருக்கும் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து போகிறது. தராசின் ஒரு தட்டைப் பொதுப்பணத்தில் நிரப்பிவிட்டு, மற்றத் தட்டுக்கு மாத்திரம் அதில் நிற்பவனே விலை கொடுக்க வேண்டும் என்றால், தராசு எப்படி நேர் நிற்கும்? நேர்மையான விசாரணை எதிரிக்குச் செய்யும் தருமமன்று. குற்றஞ் செய்யாதவன் மறியலிலும், செய்தவன் வெளியிலும் இராதபடி பார்ப்பது வரி கொடுக்கும் நமக்கே வேண்டிய காரியம்.

கலிபோர்னியா மாநிலம் நெடுங்காலம் அறவிட்டுப் பார்த்து, கடைசியிற் கைவிட்டது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2021ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், குற்ற வழக்குகளில் அறவிடப்பட்ட 23 விதமான கட்டணங்களை நீக்கிற்று. அரசாங்கச் சட்டத்தரணிக்கான கட்டணமும் அவற்றுள் ஒன்று. அக்கட்டணங்களிற் கட்டப்படாதிருந்த பழைய கடன்களும் அறவிட முடியாதவை ஆக்கப்பட்டன. செய்து பார்த்தவர்களே விட்டார்கள் என்பது எண்ணத்தக்கது.

இதில் நமக்கும் ஒரு தொடர்புண்டு. 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் பதினான்காம் உறுப்புரை இதைப் பற்றிப் பேசுகிறது. நீதியின் பொருட்டு வேண்டியவிடத்து எதிரிக்குச் சட்டத்தரணியை நியமிக்க வேண்டும். போதிய பொருள் இல்லாதவனிடம் அதற்குப் பணம் பெறலாகாது என்பது அதன் கருத்து. இலங்கை 1980ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்தது. அமெரிக்கா 1992ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் இங்கே சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தாளிலே எழுதியது நம்மிடமும் இருக்கிறது. அது வாசல் வரை வரும் ஏழைக்குத் தெரிந்திருக்கிறதா, கேட்டால் முகங்கோணாமற் கொடுக்கப்படுகிறதா என்பதைப் பார்ப்பது நம் கடன்.

ஆகவே வாலிப நண்பர்களே, உங்களிடம் இரண்டு காரியங்களை வேண்டி அமர்கிறேன். உங்களிற் சிலர் சட்டம் படிப்பீர்கள். கறுப்பு அங்கியை அணியும் நாளிலே, கூலி எதிர்பாராமல் வருடத்தில் சில ஏழை வழக்குகளையேனும் எடுத்துப் பேசுவதென்று உறுதி செய்து கொள்ளுங்கள். அப்படிப் பேசும்பொழுது, காசு கொடுத்தவனுக்கு உழைப்பதிற் குறையாமல் உழையுங்கள்.

சட்டம் படியாதவர்களுக்கும் வேலை உண்டு. அயல் வீட்டில் ஒருவனைப் பொலிசார் கொண்டு போனால், "கள்ளனுக்கு ஏன் சட்டத்தரணி?" என்று சொல்பவர்களோடு சேர்ந்து நீங்களும் சொல்லாதீர்கள். அவன் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், சட்ட உதவி எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது என்பதை அவன் தாய்க்குச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். பனாமா சிற்றியிலே குற்றவாளிக் கூண்டில் தனியே நின்ற மனிதருக்கு முதல் விசாரணையில் இல்லாமற் போனது, பக்கத்தில் நிற்க ஓர் ஆள். அந்த ஆளாக நிற்பதற்கு எல்லாரும் அப்புக்காத்து ஆக வேண்டியதில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று முன்னோர் சொன்னது, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக அன்று. அப்படி இருக்கிறதே என்ற மனவருத்தத்தினால். அந்த வருத்தத்தை நீக்கும் பொறுப்பை உங்கள் கையில் ஒப்படைத்து அமைகின்றேன்.